நெட் கால்: திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். துபாயில் இருக்கும் மருமகனால் அப்படிக் கூப்பிட முடிவதில்லை. டவரே கிடைக்காத வீட்டில் வைஃபையை வைத்துக்கொண்டு சாதாரண போன் பேச முடிகிறது. உள்ளூர் எண்ணிலிருந்து வந்த அழைப்பு, விசாரித்தால் வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்: குரலை இணையம் வழியாக அனுப்புவது.

பழைய தரைவழித் தொலைபேசியில் நீங்கள் பேசி முடிக்கும்வரை உங்களுக்கென்று ஒரு பாதை திறந்தே இருக்கும். இணையத்தில் அப்படி இல்லை. உங்கள் குரல் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு பெரும்பாலும் 20 மில்லி விநாடி, அதாவது விநாடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொன்றும் போய்ச்சேர வேண்டிய முகவரியைச் சுமந்துகொண்டு தனித்தனியாகக் கிளம்புகிறது. தாமதமாக வரும் துண்டு தூக்கி எறியப்படும், ஏனென்றால் போன வார்த்தையை இப்போது ஒலிக்கவிட்டுப் பயனில்லை. "ஹலோ... கேக்குதா? விட்டு விட்டு கேக்குது" என்று நாம் கத்துவது அதனால்தான். கத்துவதால் துண்டுகள் சீக்கிரம் வராது. ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றால் வரலாம்.

டேட்டா பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சுருக்காத தொலைபேசிக் குரலுக்கே விநாடிக்கு 64 கிலோபிட், அதாவது நிமிடத்துக்கு அரை எம்பிதான் ஒரு பக்கத்துக்கு ஆகும். செயலிகள் இதை இன்னும் சுருக்கியே அனுப்புகின்றன. வீடியோவை ஆன் செய்தால்தான் பேக் கரையும்.

இணையத்தில் போகும் எல்லா அழைப்பும் ஒரே வகை இல்லை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

செயலியிலிருந்து செயலிக்கு

வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015-லும் வீடியோ அழைப்பு 2016-லும் வந்தன. இதில் இரண்டு பக்கமும் அதே செயலி இருக்க வேண்டும். உங்கள் எண் இங்கே கணக்கின் அடையாளம் மட்டுமே. அழைப்பு தொலைபேசி வலைப்பின்னலுக்குள் போவதே இல்லை. அதனால் வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐயோ 112-ஐயோ அழைக்க முடியாது. வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்று போனில் பச்சை நிறச் செயலியை மட்டுமே தொடுகிறார்கள். அவசரத்துக்கு டயல் பேடில்தான் எண்ணை அழுத்த வேண்டும் என்று ஒருமுறை உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் கிடைத்தால் அதன் வழியாக 112-க்கு அழைப்பு போகும். செயலிக்கு அந்த வசதி இல்லை.

துபாய் விஷயத்துக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகளில் மட்டுமே இணைய அழைப்பு பேசலாம். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. "விபிஎன் போட்டுப் பேசுப்பா" என்று இங்கிருந்து வற்புறுத்தாதீர்கள், அங்கே அவர் சட்டச் சிக்கலில் மாட்டலாம். போட்டிம் போல அங்கே அனுமதியுள்ள செயலியை நீங்களும் இறக்கிக்கொள்வதுதான் வழி.

எண்ணிலிருந்து எண்ணுக்கு

2016-ல் ஜியோ வந்தபோது பரவலான வோல்டிஇ, 2019 டிசம்பரில் ஏர்டெல் தொடங்கிய வைஃபை காலிங் இரண்டிலும் குரல் துண்டுகளாகத்தான் போகிறது. ஆனால் இவை உங்கள் சிம், உங்கள் எண், உங்கள் ரீசார்ஜ் திட்டத்தில் நடப்பவை. எதிரில் இருப்பவரிடம் சாதாரண பட்டன் போன் இருந்தாலும் போதும். டவர் எட்டாத, ஆனால் பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் 'வைஃபை காலிங்' என்று இருக்கும், ஆன் செய்தால் போதும்.

இணையத்திலிருந்து எண்ணுக்கு

கவனமாக இருக்க வேண்டிய வகை இது. கணினியிலிருந்து கிளம்பும் அழைப்பு ஒரு இடத்தில் தொலைபேசி வலைப்பின்னலுக்குள் நுழைகிறது. கால் சென்டர்கள் முறைப்படி இப்படித்தான் வேலை செய்கின்றன. பிரச்சினை என்னவென்றால், உங்கள் திரையில் தெரியும் எண்ணை அனுப்புகிற பக்கத்து மென்பொருளே நிரப்பி அனுப்புகிறது. கடிதத்தின் பின்புறம் அனுப்புநர் முகவரியை யாரும் எதையும் எழுதலாம் இல்லையா, அது மாதிரி. வெளிநாட்டிலிருந்து +91 எண்ணைக் காட்டி வரும் இத்தகைய அழைப்புகளைத் தடுக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அறிவித்தது.

இன்னொரு குறுக்குவழி சிம் பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் வாங்கி, நிறைய சிம்கள் செருகிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். இங்கே எண் உண்மையானது, ஆனால் பேசுபவர் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இல்லை. "மாடி அறையில் ஒரு பெட்டி வச்சுக்கிறோம், வைஃபை மட்டும் கொடுங்க, மாசம் வாடகை தர்றோம்" என்று யாராவது கேட்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைச் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, உள்ளூர் எண் தெரிந்தாலும், புரொஃபைல் படத்தில் காவல்துறைச் சின்னம் இருந்தாலும் அது அழைப்பவர் யார் என்பதற்குச் சான்று ஆகாது. 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. வீடியோ காலில் உட்கார வைத்து, போனை வைக்கக் கூடாது என்று மிரட்டினால், வைத்துவிடுங்கள். வங்கி என்று சொன்னால் பாஸ்புக்கில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் கைமாறுவதற்கு முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் சந்தேகமாக இருந்தது என்றால் சஞ்சார் சாத்தியில் உள்ள 'சக்ஷு' பகுதியில் பதியலாம். வெளிநாட்டு அழைப்பு இந்திய எண்ணைக் காட்டியிருந்தால் அதைத் தெரிவிக்கவும் அதே தளத்தில் தனி இடம் உண்டு.

வீட்டுப் பெரியவர்களின் வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போய் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' என்பதை ஆன் செய்து கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காது. கால் பட்டியலில் மட்டும் பதிவாகும், பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.