சர்க்கார் வக்கீல் யாருடைய வக்கீல்?

சர்க்கார் வக்கீல் என்கிறோம். யார் அவர்? யாருக்காக வாதாடுகிறார்? சர்க்காருக்கா? போலீசுக்கா? நாற்காலியில் அமர்ந்திருக்கும் கட்சிக்கா? அல்லது கணவனைக் கொலைக்குப் பறிகொடுத்துவிட்டு, கோர்ட்டு வராந்தாவில் சுவரோரம் குந்தியிருக்கிறாளே ஒருத்தி, அவளுக்கா?

கேள்வி சிறிது. ஆனால் அதற்குப் பதில் தெரியாததால் நம் கிராமத்து ஏழை இழந்திருப்பது பெரிது, தோழர்களே!

வரப்புத் தகராறுக்கும் வாய்க்கால் தகராறுக்கும் சிவில் கோர்ட்டுக்குப் போகிறவன் தன் வக்கீலைத் தானே தேடிக்கொள்கிறான். பீசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறான். பிடிக்காவிட்டால் வேறொருவரை அமர்த்துகிறான். கொலை, கொள்ளை, கற்பழிப்பு, குடிசைக்குத் தீ என்றால் கதை வேறு. அங்கே வழக்கை நடத்துவது அரசு. செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும் ஒவ்வொரு விசாரணையையும் பப்ளிக் பிராசிக்யூட்டரே நடத்த வேண்டும் என்பது சட்டம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்தப் பொறுப்பு உதவி அரசு வழக்கறிஞருடையது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பணக்காரனாயிருந்தால் நாட்டிலுள்ள பெரிய வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தலாம். பறிகொடுத்தவளுக்கோ, இருப்பது இந்த ஒரே வக்கீல்தான்.

அந்த ஒரே வக்கீலின் வேலை எப்படி நடக்கிறது?

பொழுது விடிந்ததும் கோர்ட்டுப் போலீஸ்காரர் கேஸ் கட்டுகளைச் சுமந்து வருகிறார். ஒன்றில் ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை. இன்னொன்றில், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்டார். மூன்றாவதில், புலன் விசாரணை செய்த இன்ஸ்பெக்டருக்கு அன்று வேறெங்கோ பந்தோபஸ்து. நான்காவதில் எல்லாம் சரி. ஆனால் சாட்சி வரவில்லை. ஏன் வரவில்லை? முதல் பஸ்ஸைப் பிடித்து, அன்றைய கூலியை விட்டு, முந்திய வாய்தாவுக்கு வந்தவன் அவன். "இன்னொரு நாள் வா" என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அடுத்த சம்மன் வருவதற்குள் பண்ணையாரின் ஆள் அவன் வாசலுக்கு வந்து போய்விட்டான். கடன் கொடுத்தவனும் அவரே, வேலை கொடுப்பவரும் அவரே, குடியிருக்கும் மனையும் அவர் பெயரில் என்றால், அந்தச் சாட்சியின் நாக்கு எத்தனை நாளுக்கு நிலையாயிருக்கும்?

கூண்டில் ஏறுகிறான். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறான். கோர்ட்டு அவனைப் பிறழ்சாட்சி என்று எழுதிக்கொள்கிறது. ஊரார் அவனைக் கோழை என்று ஏசுகிறார்கள். ஏசுவது எளிது. வாய்தாக்களை வளர்த்தவர் யார், பாதுகாப்புத் தராதவர் யார், அவன் கூலிக்கு ஈடு தராதவர் யார் என்று கேட்பதல்லவா நமது வேலை?

சாட்சி பிறழ்ந்தால் வழக்கும் செத்தது என்று கைகழுவிவிடும் சர்க்கார் வக்கீல் உண்டு. அங்கேதான் தன் வேலை தொடங்குகிறது என்று கருதுகிறவரும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் ஆணவக் கொலைக்கு இரையானார். முக்கியமான சாட்சி கோர்ட்டில் பிறழ்ந்துவிட்டார். ஆயினும் வழக்கு சாகவில்லை. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் வாதாடினார். திருச்செங்கோடு கோயில் கேமராவில் பதிந்திருந்த காட்சி கோர்ட்டில் பேசியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மனிதன் நாவை அடக்கிவிடலாம். சேகரித்து வைத்த சான்றின் நாவை அடக்க முடியாது. ஆனால் அந்தச் சான்றைக் கையிலெடுத்துப் பேசவைக்க ஒரு வக்கீல் வேண்டுமே!

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் சர்க்காரின் வக்கீலா? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி பதில் சொல்லும்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் புகுந்தன. வீடுகள் நொறுங்கின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். சந்தனக்கட்டைத் திருடர்கள் என்ற பட்டமும் அந்த மக்கள் தலையிலேயே சூட்டப்பட்டது. குற்றம் செய்தவர்கள் யார்? சர்க்காரிடம் சம்பளம் வாங்கியவர்கள்! சர்க்கார் வக்கீல் என்றால் சர்க்கார் ஊழியரைக் காப்பவர் என்பது பொருளானால், அந்தப் பெண்களுக்காகப் பேச உலகத்தில் எவருமே இல்லை.

மக்கள் இயக்கம் போராடியது. உயர்நீதிமன்றம் 1995இல் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அரசு ஊழியருக்கு எதிராகவே எழுந்து நின்றார். எழுத்தறியாத மலைப்பெண்கள் கூண்டேறி, சீருடையை நேருக்கு நேர் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தபோது, 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

நீதி வந்தது, மெய்தான். ஆனால் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை வாக்குரிமை பெறும் வயதைத் தாண்டும் வரை நீதி நடந்து நடந்து வந்தது. ஆயினும் ஒன்றை அந்த வழக்கு நிலைநாட்டிவிட்டது: சர்க்கார் வக்கீல், சர்க்காரை நடத்துகிறவர்களின் வக்கீல் அல்லர். அவர் சட்டத்தின் வக்கீல், சமுதாயத்தின் வக்கீல்.

அப்படியானால், எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதுதான் அவர் கடமையா? அதுவும் இல்லை! இதையும் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கிராமத்தில் பறிகொடுத்தவனும் ஏழை. பொய்வழக்கில் சிக்குகிறவனும் ஏழை. திருட்டுப் போன வீட்டுக்காரர் கைகாட்டினார் என்று கூலிக்காரனைக் கூண்டில் ஏற்றுவது நடக்காத ஒன்றா? எதிரிக்குச் சாதகமான காகிதம் கேஸ் கட்டில் இருந்தால், அதை மறைக்காமல் கோர்ட்டின் முன் வைப்பதும் சர்க்கார் வக்கீலின் கடமையே. வெற்றி தோல்வி அவருக்கு இல்லை. உண்மை வெளிவந்தால் அதுவே அவர் வெற்றி.

இதற்குத்தான் அவர் போலீசின் கைப்பிடியில் இருக்கலாகாது என்பது. உதவி அரசு வழக்கறிஞர்கள் போலீஸ் துறையின் ஆதிக்கத்துக்கு அப்பாற்பட்ட தனி அமைப்பாக இருக்க வேண்டும் என்று 1995இலேயே உச்சநீதிமன்றம் சொன்னது. தமிழகத்தில் அவர்கள் தேர்வாணையத்தின் தேர்வெழுதி வருகிறார்கள். ஆனால் மாவட்டத்துப் பப்ளிக் பிராசிக்யூட்டர், குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் செய்தவர்களிலிருந்து அரசால் நியமிக்கப்படுகிறார். ஆட்சி மாறினால் அந்த நாற்காலியிலும் ஆள் மாறுவதை நாம் பார்த்து வருகிறோம்.

இங்கே நமக்குள்ளும் ஒரு பேச்சு உண்டு, தோழர்களே. ஒளிக்காமல் பேசுவோம். அந்தப் பதவி, கொடி பிடித்ததற்குக் கூலி அல்ல. மேடை போட்டதற்குப் பரிசும் அல்ல. சட்ட அலுவலர் நியமனம் வேண்டியவர்க்குச் செய்யும் தயவாகிவிடக் கூடாது என்று, பஞ்சாப், அரியானா அரசுகள் சம்பந்தப்பட்ட வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது பொருந்தும். "நம்மவர் ஒருவர் கேசில் மாட்டிக்கொண்டார், சர்க்கார் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று வட்டச் செயலாளரின் வாசலில் வந்து நிற்கிறவனை என்ன செய்வது? திருப்பி அனுப்புங்கள்! இன்று நம்மவருக்காகச் சொன்ன வார்த்தை, நாளை நம் குடிசைக்குத் தீ வைத்தவனுக்காகவும் சொல்லப்படும். வழி திறந்துவிட்டால் வருகிறவர் யாரென்று வழிக்குத் தெரியாது.

வழக்கை வாபஸ் வாங்குவதும் அப்படியே. அமைச்சரவை முடிவு செய்தது, வழக்கு தீர்ந்தது என்று ஆகிவிடாது. சர்க்கார் வக்கீல் தன் சொந்த அறிவைக் கொண்டு ஆராய்ந்து மனுப்போட வேண்டும். கோர்ட்டு சம்மதிக்க வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதுள்ள வழக்கென்றால், உயர்நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் வாபஸ் கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் வாபசுக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது.

சட்டத்தில் ஏழைக்கு இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பது ஏழைக்குத்தான் தெரியவில்லை. கோர்ட்டின் அனுமதி பெற்று, சர்க்கார் வக்கீலுக்குத் துணையாகத் தன் வக்கீல் ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் வைத்துக்கொள்ளலாம். எதிரி விடுதலையானால், 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கென்றால், அனுபவம் மிக்க மூத்த வக்கீல் வேண்டும் என்று கலெக்டரிடம் கேட்கலாம். 1995ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு இடமுண்டு. சாட்சிக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. சாட்சிக்கு வழிச்செலவும் உண்டு.

இவற்றை வாங்கிக் கொடுப்பது யார்? நாம்தான்! கிளைக்கு ஒரு தோழர் போதும். வாய்தா தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பாமல் கூடப் போங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். கண்டதைச் சொல்லும் துணிவை மட்டும் கொடுங்கள். அன்று அவன் வீட்டு அடுப்பு எரிய வழி செய்யுங்கள். சர்க்கார் வக்கீலைப் பார்த்து மரியாதையோடு, ஆனால் தலைநிமிர்ந்து, "எங்கள் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது, ஐயா?" என்று கேளுங்கள்.

சலுகை கேட்டு அவர் கதவைத் தட்டாதீர்கள். நீதி கேட்டுத் தட்டுங்கள். அந்தக் கதவு, வராந்தாவில் குந்தியிருப்பவளுக்காகவே வைக்கப்பட்ட கதவு.