கணக்குக் கேட்டால் சண்டைக்காரியா?

பெரம்பலூரில் துறைமங்கலம், நான்கு ரோடு பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. அரியலூரிலும் அப்படித்தான். ஆனால் இவை சென்னையில் இருப்பது போல நூறு, இருநூறு வீடுகள் கொண்டவை அல்ல. எட்டு, பத்து வீடுகளோடு முடிந்துவிடும். செக்ரட்டரி யார் என்று பார்த்தால் நம்மிடம் படித்த பையனின் அப்பாவாக இருப்பார், அல்லது சம்பந்தி வழியில் ஏதோ உறவாக இருப்பார். அதனாலேயே மெயின்டனன்ஸ் சீட்டில் என்ன எழுதிக் கொடுத்தாலும் பேசாமல் கட்டிவிடுகிறோம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது முடியவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடுகள். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும், லிஃப்ட் கிடையாது. ஒரு மாதம் வழக்கமான தொகையோடு "போர் ஆழப்படுத்த, வீட்டுக்கு ரூ.6,500" என்று ஒரு வரி சேர்ந்து வந்தது. கூட்டம் கூட்டவில்லை, தீர்மானம் இல்லை, கொட்டேஷனும் இல்லை. கீழே போய்க் கேட்டேன். "என்ன டீச்சர், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் செக்ரட்டரி. "உங்க மேல இருக்கு சார். இந்தச் சீட்டு மேலதான் இல்ல" என்றேன்.

அன்றே கடிதம் எழுதி, அவர் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொண்டேன். அந்த மாத மெயின்டனன்ஸை முழுதாகக் கட்டினேன். சிறப்பு வசூலை மட்டும் ஆட்சேபிப்பதாகவும், பொதுக்குழுத் தீர்மானமும் பில்களும் காட்டினால் கட்டுவதாகவும் எழுதினேன். கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். லைட்டும் தண்ணீரும் எல்லாருக்கும் பொது. அதற்கான பணத்தை நிறுத்தினால் பாக்கிதாரர் என்ற பெயர்தான் மிஞ்சும். நம் கேள்வியில் இருக்கும் நியாயம் அதோடு அமுங்கிப்போகும்.

அடுத்து பைலாவை எடுத்துப் படித்தேன். அசோசியேஷனின் துணை விதிகள் அதில்தான் இருக்கின்றன. பொதுக்குழுவைக் கேட்காமல் நிர்வாகக்குழு எவ்வளவு செலவழிக்கலாம், வசூல் சதுர அடிக் கணக்கிலா வீட்டுக்குச் சமமாகவா, தாமதமானால் எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் அதையும் கிரயப் பத்திரத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். வீடு வாங்கிய பலர் இவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி.

காமன் ஈபி பில்லைப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. படிக்கட்டு விளக்கு, மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ரூ.8.15 இருந்தபோது, 10 வீடுகளுக்கு மேல் போகாமலும் 3 மாடிக்குள்ளும் லிஃப்ட் இல்லாமலும் இருக்கிற சிறிய குடியிருப்புகளுக்கு அதை ரூ.5.50 ஆகக் குறைப்பதாக 2023 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் கட்டடம் மூன்று நிபந்தனைக்கும் பொருந்துகிறது. ஆனாலும் பழைய வீதத்திலேயே பில் வந்துகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று வைத்துக்கொண்டால் பழைய வீதத்தில் ரூ.3,260, புதிய வீதத்தில் ரூ.2,200. வருடத்துக்கு ரூ.6,360 வித்தியாசம். அதன் பிறகு மின்கட்டணம் திருத்தப்பட்டிருப்பதால் இன்றைய வீதத்தை உங்கள் பில்லிலேயே பாருங்கள். எந்த டாரிஃபில் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். தவறாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

பொதுக்குழு கூடியது. மூன்று கொட்டேஷன் வாங்கிய பிறகு போர் வேலைக்கு வீட்டுக்கு ரூ.5,200 என்று தீர்மானமானது. கட்டிவிட்டேன். போர் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பெரம்பலூர் வெயிலில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும்.

பேசியும் தீராவிட்டால்? அசோசியேஷன் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கோரலாம். எங்களைப் போல வீட்டுக்கு ஒரு உறுப்பினராக ஒன்பது பேர் உள்ள சங்கத்தில் மூன்று பேர் போதும். சிறிய கட்டடத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய பலம். இதைத் தவிர, 2022இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பெயரில் 18 சதவீதம் சேர்க்கும் சீட்டுகளையும் பார்த்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கம் உறுப்பினரிடம் வாங்கும் பராமரிப்புத் தொகை மாதம் ரூ.7,500 வரை வரிவிலக்கு உடையது. அதைத் தாண்டினாலும் தாண்டிய தொகைக்குத்தான் வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கிரீன்வுட் உரிமையாளர் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. நம் ஊர்களில் 7,500 ரூபாய் மெயின்டனன்ஸ் கட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. ஆகவே சங்கத்தின் சீட்டில் ஜிஎஸ்டி இருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பில்டரோ தனியார் பராமரிப்பு நிறுவனமோ போடும் பில்லுக்கு இந்த விலக்கு அப்படியே பொருந்தாது.

பில்டர் இன்னும் சாவியை விடாமல் வைத்திருந்தால் வழி வேறு. சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசிய சேவைகளை நியாயமான கட்டணத்தில் தரவேண்டியது அவர் கடமை என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. சட்டத்தின் கீழ் வரும் கட்டடம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ஆலோசனை கேட்க 1915 என்ற இலவச எண் இருக்கிறது.

அரியலூரில் என் தங்கை வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தார் என்று இவள் வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டார்கள். குழந்தை இருக்கிற வீடு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாடகைதாரருக்குக் கிடைக்கும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளரோ அவர் சார்பில் சொத்தை நிர்வகிப்பவரோ துண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடுக்கிறது. அதைக் குறிப்பிட்டு வீட்டுக்காரருக்கும் அசோசியேஷனுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வால்வைத் திறந்துவிட்டார்கள்; பாக்கியை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.