கரையேறிய குடும்பம் மீண்டும் மூழ்குவதேன்?

உலக வங்கியார் 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு கணக்கை வெளியிட்டனர். நாளொன்றுக்குத் தலைக்கு 3 டாலருக்கும் குறைந்த செலவில் ஜீவித்த இந்தியர், 2011-12-இல் நூற்றுக்கு 27 பேராக இருந்தனர். 2022-23-இல் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று அதிகமாக இருக்கின்றனர் என்பது அக்கணக்கின் சாரம். இந்த டாலர், நாணயம் மாற்றும் கடையில் வாங்கும் டாலர் அன்று. தேசத்துக்குத் தேசம் உள்ள விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிச் செய்துகொண்ட ஓர் அளவுகோல். அளவுகோல் சரியா, அளந்தவிதம் சரியா என்று பொருளாதார பண்டிதர்கள் வழக்காடிக் கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் இன்று நாம் வக்காலத்து வாங்கவில்லை. தரித்திரம் வெகுவாகக் குறைந்தது மெய்யென்றே வைத்துக் கொள்வோம். அப்படி வைத்துக் கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது.

27 என்பது 5 ஆயிற்று என்றால் 22 பேர் ஏறினர் என்றே எல்லோரும் படிக்கிறார்கள். 25 பேர் ஏறி, நேற்றுவரை நன்றாயிருந்த வேறு 3 பேர் புதிதாகப் பள்ளத்தில் விழுந்திருந்தாலும் மிச்சம் அதே ஐந்துதான். மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவனுக்கு விழுந்த மூவர் கண்ணிற்படவே மாட்டார்கள். அவர்களைப் பற்றிய விசாரணை நமது தேசத்தில் மிகவும் சொற்பம்.

அதைச் செய்தவர்களுள் முக்கியமானவர் அனிருத் கிருஷ்ணா என்பவர். இந்திய ஆட்சிப்பணியில் உத்தியோகம் பார்த்து, பின்னர் அமெரிக்காவில் ட்யூக் சர்வகலாசாலைப் பேராசிரியரானவர். 2002-ஆம் ஆண்டு வாக்கில் இராஜஸ்தானத்தில் 35 கிராமங்களுக்குச் சென்று, ஊர்ப் பெரியவர்களையும் ஸ்திரீகளையும் கூட்டிவைத்து, 25 ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு வீடும் எந்த ஸ்திதியில் இருந்தது, இப்போது எந்த ஸ்திதியில் இருக்கிறது என்று வீடுவீடாக விசாரித்தார். வருஷக் கணக்கு குடியானவனுக்கு நினைவிராதே என்பார்கள். அதற்காக அவர் நெருக்கடி நிலைக் காலத்தைக் குறியாக வைத்துக்கொண்டார். அதை மறந்த கிராமம் வடக்கே ஏது?

ஏழை என்பவன் யார் என்பதையும் அவர் தாமாக நிர்ணயிக்கவில்லை, கிராமத்தாரையே கேட்டார். அடிமட்டத்திலிருந்து ஒரு குடும்பம் மேலே வரும்போது கையில் காசு புரண்டால் முதலில் எதைச் செய்கிறது என்பது கேள்வி. முதலில் வயிற்றுக்கு உணவு. அடுத்தபடியாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது. அப்புறம் வெளியே உடுத்திப் போக நல்ல துணி. நாலாவதாக, பட்ட கடனைத் தவணைப்படி திருப்பத் தொடங்குவது. ஊருக்கு ஊர் விடை அநேகமாக ஒன்றாகவே வந்தது. இந்த நாலு படியையும் தாண்டியவனை அங்கே யாரும் ஏழை என்பதில்லை. டாலர் கணக்கு எழுதுகிறவர்கள் இந்த நாலாவது படியைக் கவனிக்க வேண்டும். நாளைக்கு 3 டாலர் செலவழிக்கிற வீடு, அந்தப் பணத்தைச் சம்பாதித்துச் செலவழிக்கிறதா, மீட்டர் வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கிறதா என்பதை அவர்களுடைய அளவுகோல் காட்டுவதில்லை. கிராமத்துக் கிழவியோ அதைத்தான் கேட்கிறாள்.

விசாரணையின் முடிவு இது. 25 ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினொரு குடும்பம் தரித்திரத்தைவிட்டு ஏறியது. அதே காலத்தில், அதே கிராமங்களில், நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுக் குடும்பம் தரித்திரத்தில் விழுந்தது. மொத்தக் கணக்கில் மூன்று சொச்சம் லாபமென்று எழுதிவிடலாம். அந்த எட்டுக் குடும்பத்தின் கதையை எந்தக் கலத்தில் எழுதுவது?

ஏறியவர்கள் ஏறியதற்கும் விழுந்தவர்கள் விழுந்ததற்கும் காரணங்கள் வெவ்வேறு என்பதே இவ்விசாரணையில் நாம் கண்ட பெரிய விஷயம். ஏறியவர் பெரும்பாலும் விவசாயத்தோடு வேறொரு தொழிலையும் சேர்த்துக் கொண்டார்கள். பட்டணத்தில் இருந்த ஓர் உறவினர் மூலம் சிறு வேலை பிடித்தார்கள். கிணறு வெட்டி நிலத்தைத் திருத்தினார்கள். விழுந்தவர் கதையிலோ நோயும் வைத்தியச் செலவும் முதல் ஸ்தானத்தில் நிற்கின்றன. சாவுச் சடங்கும் கல்யாணமும் அடுத்தபடி. அநியாய வட்டிக் கடன் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது. வேறு ராஜ்யங்களிலும், கென்யா, உகாண்டா, பெரு தேசங்களிலும் விசாரித்தபின் 2010-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு, ‘ஒரு நோய் வந்தால் போதும்’ என்று பொருள்படும் தலைப்பையே கொடுத்தார்.

நோய் ஒரு குடும்பத்தை எப்படி இறக்குகிறது என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. வாசகர்களில் பலர் தம் தெருவிலேயே பார்த்திருப்பார்கள். உழைக்கிறவன் படுத்தால் வரவு நிற்கிறது; அன்றைக்கே செலவு ஆரம்பமாகிறது. வேறு எந்த நஷ்டத்திலும் இந்த இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வருவது அபூர்வம். முதலில் ஆடு போகும். பிறகு மாடு. பிறகு மனைவி காதிலுள்ளது அடகுக் கடைக்குப் போகும். அதற்குப் பின் நிலத்தின்மேல் கடன்; கடனுக்காகப் பையன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகிறான். கிராமத்தார் சொன்ன படிகளைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். ஏறும்போது கடைசியில் வந்தது இறங்கும்போது முதலில் போகிறது: கடன் தவணை தவறும், துணி கிழியும், பள்ளிக்கூடம் நிற்கும், கடைசியில் சோற்றில் கைவைக்கும்.

இனி, ஏற்றிவிடும் வேலைக்கு வருவோம். அதில் நம் கிழக்கு எல்லைக்கு அப்பாலுள்ள வங்கதேசத்தார் நமக்குக் கற்பிக்கக் கூடியது நிறைய இருக்கிறது. ஃபஸ்லே ஹசன் அபேத் என்பவர் 1972-இல் ஆரம்பித்த ‘பிராக்’ என்னும் ஸ்தாபனம், சிறு கடன் கொடுத்துப் பார்த்ததில், பரம ஏழைகளிடம் அந்தக் கடன் போய்ச் சேரவில்லை என்று கண்டுகொண்டது. திருப்பிக் கட்ட முடியாதவள் கடன் வாங்க வரமாட்டாள். வந்தாலும் சங்கத்துப் பெண்களே அவளைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே 2002 முதல் வேறு வழி பிடித்தார்கள். ஊராரைக் கூட்டி, எந்த வீடு மிகவும் நொந்தது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் செய்தார்கள். அவ்வீட்டு ஸ்திரீக்குக் கடனாக அல்லாமல் சொந்தமாகவே ஓர் உடைமையைக் கொடுத்தார்கள். எது வேண்டுமென்று கேட்டபோது மிகப் பெரும்பாலோர் பசுவையே கேட்டார்கள். பசுவோடு பயிற்சி, வைத்திய உதவி, இரண்டு வருஷம் வீடு தேடி வந்து விசாரிக்கும் ஊழியர், ஆரம்பத்தில் சில மாதங்களுக்குக் கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை. பசு பால் கறக்கும் முன்பே பசி வந்தால் அதை விற்று விடுவாள் அல்லவா? அந்தச் சிறு தொகையை நாம் மிகுந்த புத்திசாலித்தனம் என்று மதிக்கிறோம்.

2007 முதல் 11 ஆண்டுகள், 1,309 கிராமங்களில், 23,000 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, லண்டன் பொருளாதாரக் கலாசாலையைச் சேர்ந்த மைத்ரீஷ் கட்டக் முதலியோர் 2022-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பசு பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஓர் எல்லையைத் தாண்டினார்கள். தாண்டியவர் மேலும் மேலும் ஆஸ்தி சேர்த்தார்கள். மீதி ஒரு பங்கினர் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றார்கள்; அவர்கள் பெற்றதையும் கொஞ்சங் கொஞ்சமாக இழந்து பழைய ஸ்திதிக்கே சறுக்கினார்கள். கொடுத்தது இருதரத்தாருக்கும் ஒன்றுதான். ஆனால் பசுவைத் தவிர கொட்டகையோ வண்டியோ வேறு ஏதேனும் தட்டுமுட்டோ முன்பே வைத்திருந்தவளுக்குப் பசு போதுமானதாயிற்று. ஒன்றுமே இல்லாதவளுக்குப் போதவில்லை. ஆற்றில் பாதி தூரம் பாலம் கட்டிவிட்டு, ஜனங்கள் அக்கரை சேரவில்லையே என்று குறை கூறுகிற சர்க்கார்கள் இதைப் படிக்க வேண்டும். தலைக்குக் கொஞ்சமாகப் பலருக்குப் பங்கிட்டு, பயனாளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி விளம்பரம் செய்வது தேர்தலுக்கு நல்லது. எல்லைக்குக் கீழே நிற்பவளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இதே ஆராய்ச்சி இன்னொரு வாதத்தையும் தகர்த்துவிட்டது. ஏழைக்கு உழைக்க மனமில்லை, கொடுத்தால் கெட்டுப்போவான் என்று சௌகரியமாக இருப்பவர்கள் சொல்லிக் கொண்டு வருகிறார்கள். அந்தக் கிராமங்களில் முன்பு வீட்டு வேலையும் வயல் கூலியுமாக, கிடைத்த நாளில் மட்டும் உழைத்த ஸ்திரீகள், கையில் உடைமை வந்ததும் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் செய்கிற கால்நடைத் தொழிலையே செய்தார்கள். அவர்களைக் கூலி வேலையில் கட்டிப்போட்டிருந்தது சுபாவம் அன்று, கைமுதல் இல்லாமைதான்.

மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் ஜில்லாவில் ‘பந்தன்’ என்னும் ஸ்தாபனம் இதே முறையைக் கையாண்டது. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அதைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கொடுக்கிறோம் என்று சொன்னபோது ஏறத்தாழப் பாதிப் பேர் வேண்டாமென்றே மறுத்து விட்டார்களாம். இனாமாக வந்ததெல்லாம் பிற்பாடு தூண்டிலாக முடிந்ததைக் கண்டவர்களின் எச்சரிக்கை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏற்றுக் கொண்ட குடும்பங்களின் நன்மை ஏழு ஆண்டு வரை வளர்ந்து, பத்தாம் ஆண்டிலும் நிலைத்திருந்தது. அத்தனைக்கும் பசு மட்டும் காரணமன்று. வீட்டில் கொஞ்சம் ஆதாரம் கிடைத்ததும், ஆண்பிள்ளைகள் வெளியூர் சென்று நல்ல கூலிக்கு வேலை தேடவும், அனுப்பும் பணத்தில் குடும்பம் நிமிரவும் முடிந்தது. இராஜஸ்தானத்தில் பட்டணத்து உறவினன் செய்த உபகாரத்தை இங்கே பசு செய்திருக்கிறது.

நமக்கு அடுத்த கேரளத்தில் 2021 முதல் 64,006 பரம ஏழைக் குடும்பங்களை அடையாளங் கண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் திட்டம் வகுத்து, 2025 நவம்பர் 1-ஆந் தேதி பரம தரித்திரம் ஒழிந்ததென்று பிரகடனம் செய்தார்கள். இந்தப் பட்டியலைப் பற்றி அங்கேயே பொருளாதார அறிஞர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். எனினும், வீட்டுக்கு வீடு குறை வேறு என்று ஒப்புக்கொண்டதே பாராட்டத்தக்கது. ஒரு வீட்டுக்கு மருந்து வேண்டும், ஒரு வீட்டுக்குக் கூரை, ஒரு வீட்டுக்கு ரேஷன் அட்டை. பிரகடனம் மெய்யா என்பதற்கு நவம்பர் 1-ஆந் தேதி சாட்சியாக முடியாது. அதே 64,006 வீடுகளை ஐந்து ஆண்டு கழித்து மறுபடி கதவைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

வீழ்ச்சியைத் தடுக்கும் விஷயத்தில் தமிழ் நாடு பிறருக்கு வழிகாட்டிய ஒரு காரியம் உண்டு. 1994-இல் இங்கே அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்தது. கிருஷ்ணா விசாரித்த அதே இராஜஸ்தானம் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றி, 2011 அக்டோபர் 2-ஆந் தேதி இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. விளம்பரத்துக்கு உதவாத காரியம். மாத்திரை அட்டையின்மேல் யாருடைய படத்தையும் போட முடியாது. ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள கூலிக்காரனை ஆஸ்பத்திரிப் படுக்கைவரை போகாமல் தடுப்பது அந்த மாத்திரைதான்.

2018 முதல் மத்திய சர்க்கார் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் அளிக்கிறார்கள். நமது ராஜ்யத்தில் 2009 முதலே இத்தகைய ஏற்பாடு இருக்கிறது. நல்லதே. ஆனால் இன்ஷூரன்ஸ் என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கு. நடந்துவந்து சீட்டு எழுதிக்கொண்டு போய் மாதந்தோறும் மருந்துக் கடையில் கொடுக்கும் பணத்தையும், படுத்தவன் இழந்த கூலியையும் அது கொடுப்பதில்லை. சர்க்கார் கணக்கின்படியே, 2021-22-இல் தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39 பங்கு ஜனங்கள் தம் கைப்பணமாகக் கொடுத்தது. 2013-14-இல் இது 64 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது, 39 என்பது இன்னும் மிக அதிகம்.

வட்டியைப் பற்றிச் சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் சற்று வெட்கத்துடனேயே எழுத வேண்டியிருக்கிறது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ் நாட்டில் 2003-இல் தனிச் சட்டம் பிறந்தது. 2017 அக்டோபரில் கந்து வட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளி, திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே மனைவி, இரு பெண் குழந்தைகளுடன் தீயில் மாண்டார். சட்டத்தில் பிரிவுகளுக்குக் குறைவில்லை. கடன் கொடுப்பவன் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும், தொகை எழுதாத காசோலையும் வாங்கிக் கொள்கிறான், ரசீது கொடுப்பதில்லை. கோர்ட்டில் பிரமாணம் எல்லாம் அவன் பக்கம். ஆனால் அவனைப் பிடித்துச் சிறையில் வைத்தாலும், இராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வேண்டிய இருபதினாயிரத்தை யார் கொடுப்பது? பாங்கி அப்போது பூட்டியிருக்கிறது. 1989-இல் தருமபுரியில் ஆரம்பமான பெண்கள் சுய உதவிக் குழுக்களின் பொதுச் சேமிப்பு ஓரளவு இந்த வேளைக்கு உதவுகிறது. அதை நோய்க்கென்று தனி நிதியாகப் பெருக்கிக் குறைந்த வட்டிக்கு அன்றே கொடுக்க ஏற்பாடு செய்தால், வட்டிக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இராது.

சடங்குச் செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இராஜஸ்தானத்தில் சாவு விருந்தைத் தடுக்க 1960-லேயே சட்டம் செய்தார்கள்; நாற்பது ஆண்டு கழித்தும் கிருஷ்ணாவின் பட்டியலில் அதுவே இடம் பெற்றது. நம் ஊர்க் காதுகுத்தும் மொய்விருந்தும் எப்படியிருக்கின்றன என்பதை வாசகர்கள் நம்மைவிட நன்கறிவார்கள்.

2024 பிப்ரவரியில் தமிழ் நாட்டு வரவு செலவுத் திட்டத்தில், மிகவும் நலிந்த 5 லட்சம் குடும்பங்களைத் தரித்திரத்திலிருந்து மீட்பதாக அறிவித்தார்கள். அப்படித் தயாராகும் பட்டியல்களில் மீட்கப்பட்டவர் கலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கலம் வேண்டும் என்பது நமது கோரிக்கை: இவ்வாண்டு புதிதாக விழுந்த குடும்பங்கள் எத்தனை, எக்காரணத்தால். அதை நிரப்பப் பெரிய உத்தியோகஸ்தர்கள் வேண்டியதில்லை. கிராம சபை கூடும் நாட்களில் நமது ஊழியர்கள் எழுந்து, சென்ற கூட்டத்துக்குப் பின் எந்தெந்த வீட்டில் மாடு விற்றார்கள், எந்தப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றான் என்று கேட்டு, விடையைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதி வைக்கச் செய்யலாம். அடுத்த கிராம சபையிலேயே தொடங்கலாம்.