திங்கட்கிழமைக் காது

சனிக்கிழமை ஓ.டி. முடிந்து டார்மிட்டரிக்குத் திரும்பும் சிங்கப்பூர் கப்பல் யார்டுத் தொழிலாளிக்குக் காதுக்குள் ‘கொய்ங்’ என்ற சத்தம் ஓயாது. எதிரே பேசுபவர் குரல் அடைத்தாற்போல் கேட்கும். ஞாயிறு தேக்கா வட்டாரத்தில் கழியும். திங்கள் காலை காது தெளிந்துவிடும். “சரியாப் போச்சு” என்று மறுபடி கிரைண்டிங் மெஷினைக் கையில் எடுப்பார். அந்த ‘சரியாப் போச்சு’ எவ்வளவு நிஜம் என்பது இந்த வாரக் கதை.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சிங்கப்பூரின் தொழில்நோய்களில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அங்கே 2011-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை போட்டிருக்கின்றன. 3 டெசிபல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஆகவே 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம். 100-ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான். இத்தகைய இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் காதுப் பரிசோதனையும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பரிசோதனை, சத்தமில்லாத அறையில் எவ்வளவு மெல்லிய ‘பீப்’ வரை கேட்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது.

2009-இல் பாஸ்டனில் ஷேரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பியது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில், பாதிப்பு மிகுந்த பகுதியில், ஏறக்குறைய பாதி போய்விட்டிருந்தன. மெல்லிய ஒலியைப் பிடிக்க மிஞ்சிய நரம்பிழைகளே போதும். சந்தடிக்கு நடுவே ஒருவர் பேச்சைப் பிரித்தறிவதற்குத்தான் மற்றவை வேண்டும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் “என்ன, என்ன?” என்று திரும்பத் திரும்பக் கேட்பவரின் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

2011-இலேயே லண்டனில் ரோலண்ட் ஷேட்டும் டேவிட் மக்கால்பைனும், பரிசோதனையில் குறை தெரியாமலேயே காது இரைச்சலால் அவதிப்படும் பெண்களை ஆராய்ந்தார்கள். செவி நரம்பிலிருந்து கிளம்பும் முதல் மின் அலை அவர்களிடம் வலுக்குறைந்திருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. எலிக் காதும் மனிதக் காதும் ஒன்றல்ல என்ற வாதமும் நியாயமானதே. இருந்தாலும், சந்தேகத்தின் பலனை மெஷினுக்குக் கொடுப்பதா, காதுக்கா? என் ஓட்டு காதுக்கு.

முதலில் அடக்க வேண்டியது மெஷினின் சத்தத்தை. அது முடியாத இடத்தில் இயர் பிளக். அதைப் பலரும் காது வாசலில் ஒட்டவைத்ததோடு சரி. மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். ஃபோர்மேன் கூப்பிடும்போதெல்லாம் கழற்றக் கூடாது. 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை 8 மணி நேர ஷிஃப்டில் மொத்தம் அரை மணி நேரம் கழற்றியிருந்தாலே, கிடைத்த பாதுகாப்பு கணக்குப்படி 12 டெசிபல்தான்.