வகுப்பறைக்கு உதவும் வீட்டுக் கம்ப்யூட்டர்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் சினிமா பார்ப்பது, பாட்டுக் கேட்பது, போட்டோக்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும். "சரி, இதை என் வேலைக்கு எப்படிப் பயன்படுத்துவது?" என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் வேலைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று இங்கே சொல்கிறேன். நீங்கள் ஆசிரியராக இருந்தாலும், வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் அம்மா, அப்பாவாக இருந்தாலும் இது பயன்படும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. 1, 2, 3-ஆம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம் இருக்கின்றன, மொத்தம் 24 குழந்தைகள். ஒரு வகுப்புக்கு நான் பாடம் நடத்தும்போது மற்ற இரண்டு வகுப்புக்கும் கையில் வேலை வேண்டும். அந்த வேலையை முதல் நாள் இரவே வீட்டில் தயார் செய்துவிடுகிறேன். வகுப்புக்குப் போவது பெரும்பாலும் காகிதம்தான். கம்ப்யூட்டர் வீட்டில்தான் இருக்கும்.

முதலில் தமிழ் விசைப்பலகை

தமிழில் டைப் செய்யத் தனியாகச் சாப்ட்வேர் வாங்க வேண்டாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்துக் கொள்ளுங்கள். பிறகு அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று தமிழ் 99 கீபோர்டைச் சேர்க்கவும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக் கொள்ளலாம்.

தமிழ் 99-ல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' வந்துவிடும். ஒரு வாரம் பொறுமையாகப் பழகினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பாண்ட்களில் டைப் செய்த ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். எப்போதும் யூனிகோட் பாண்ட்களையே பயன்படுத்துங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ போதும்.

247 எழுத்துக்கும் அட்டை

என் வகுப்பில் அதிகம் உழைப்பது எழுத்து அட்டைகள்தான். வேர்ட் புரோகிராமைத் திறந்து, பேப்பர் அளவை ஏ4 ஆகவும் மார்ஜினை நேரோ ஆகவும் வையுங்கள். இன்சர்ட் டேபில் மூலம் 3 பத்தி, 4 வரிசை உள்ள கட்டம் போடுங்கள். டேபிள் பிராப்பர்ட்டீஸ் சென்று வரிசையின் உயரத்தை 6.5 செ.மீ. என்று கொடுத்து, எக்ஸாக்ட்லி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் அளவு 72 இருக்கட்டும். கொ, கோ, கௌ போன்ற அகலமான எழுத்துகளுக்கு மட்டும் 48 ஆகக் குறைத்தால் கட்டத்துக்குள் அடங்கும். வேர்ட் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இதே கட்டத்தைப் போடலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு தாளில் 12 அட்டை. உயிரெழுத்து 12, ஒரு தாள். மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தையும் சேர்த்தால் 24, சரியாக இரண்டு தாள். க முதல் கௌ வரை ஒரு தாள் என்று உயிர்மெய்க்கு 18 தாள். ஆக 21 தாளில் வேலை முடிந்தது. வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஒட்டினால் நீண்ட நாள் கிழியாமல் இருக்கும்.

காலையில் முதல் பத்து நிமிடம் அட்டை நேரம். முதல் வகுப்புக் குழந்தைகள் எழுத்துகளை வரிசையாக அடுக்குவார்கள். இரண்டாம் வகுப்பு க், இ அட்டைகளோடு கி அட்டையைத் தேடிச் சேர்க்கும். மூன்றாம் வகுப்பு ப, ட், ட, ம் என்று அடுக்கிச் சொல் உருவாக்கி நோட்டில் எழுதும். மூன்று வகுப்புக்கும் வேலை கிடைக்கிறது, எனக்கு வருகைப் பதிவு எடுக்க நேரம் கிடைக்கிறது.

பொறுப்புப் பட்டியல்

தண்ணீர் எடுத்து வைப்பது, கரும்பலகை துடைப்பது, நோட்டு கொடுத்து வாங்குவது, புத்தக மூலை, செடிகள், சாப்பாட்டு வரிசை என்று ஆறு பொறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர். எப்போதும் கை தூக்கும் குழந்தைக்கே வேலை கிடைத்தால் அமைதியான குழந்தை ஓரமாகவே உட்கார்ந்திருக்கும். பட்டியல் இருந்தால் எல்லாருக்கும் முறை வரும்.

எக்செலில் ஏ பத்தியில் இரண்டாம் கட்டத்திலிருந்து 24 பெயர்களையும், பி பத்தியில் பொறுப்புகளையும் டைப் செய்யுங்கள். ஒவ்வொரு திங்களும் ஏ பத்தியின் முதல் நான்கு பெயர்களை மட்டும் கட் செய்து, கடைசிப் பெயருக்குக் கீழே பேஸ்ட் செய்யவும். காலியான நான்கு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, டெலிட், ஷிப்ட் செல்ஸ் அப் கொடுங்கள். பெயர்கள் மேலே நகரும், பொறுப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

வாரம் ஒரு நிமிடம் வாசிப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு குழந்தையும் வாரத்துக்கு ஒரு நிமிடம் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நாளைக்கு ஐந்து பேர் என்றால் வாரத்துக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். செல்போனில் பதிவு செய்து, கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆளுக்கொரு ஃபோல்டரில் போடுகிறேன். ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 கீயைத் தட்டினால் பெயர் மாற்றலாம். 7-ஆம் எண் மாணவன் 2025 ஜூன் 20 அன்று வாசித்தது என்றால் 07-20250620. இப்படி ஆண்டு, மாதம், நாள் என்று கொடுத்தால் ஃபைல்கள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும்.

அந்த 7-ஆம் எண் மூன்றாம் வகுப்பு மாணவன். "இவனுக்குப் படிப்பு வராது டீச்சர்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான்கு வாரப் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மரம், பட்டம் எல்லாம் தடையில்லாமல் வாசிக்கிறான். தேன், கொடி, மேகம் வந்தால் நின்றுவிடுகிறான். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. அவன் சிக்கிய இடம் அதுதான்.

ஒரு நாள் லேப்டாப்பை எடுத்துப் போய் அவனையே டைப் செய்யச் சொன்னேன். 'த' தட்டினான். 'ஏ' தட்டியதும் இரட்டைக் கொம்பு முன்னால் போய் உட்கார்ந்து 'தே' ஆனது. "முன்னாடி ஓடுது டீச்சர்!" என்று சிரித்தான். அதன்பின் கொம்பு உள்ள அட்டைகளை மட்டும் தனியாகக் கட்டி, தினமும் பத்து நிமிடம் கொடுத்தேன். ஜூனில் ஒரு நிமிடத்துக்கு 11 சொல் வாசித்தவன், டிசம்பரில் 34 சொல் வாசித்தான். பெற்றோர் வந்த அன்று அவன் அப்பாவுக்கு இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவதை அவர் திரும்பவும் போடச் சொன்னார்.

இவற்றில் கவனம் தேவை

• பதிவுகளையும் மதிப்பெண்களையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒரு குழந்தையின் தடுமாற்றம் அதன் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பதிவு செய்யும் முன் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

• ஃபைலுக்குக் குழந்தையின் பெயரை வைக்காமல் எண்ணை வையுங்கள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் கட்டாயம்.

• கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் + எஸ் தட்டுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள்.

• ஒரு வருடம் முடிந்து குழந்தைகள் அடுத்த வகுப்புக்குப் போனதும், தேவையில்லாத பதிவுகளை அழித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்று இரவு 12 கட்டம் போட்டு, அ முதல் ஔ வரை டைப் செய்து, ஒரே ஒரு தாள் பிரிண்ட் எடுங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் பென் டிரைவில் எடுத்துப் போனால் ஜெராக்ஸ் கடையில் எடுத்துத் தருவார்கள். அந்தத் தாளைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்து எந்தத் தாள் வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள்.