கம்புள் யாது?

சங்க நூல்களிற் பயிலும் புட்பெயர்களுள், இன்ன பறவையென உறுதிசெய்தற்கு அரியன பல. அவற்றுள் கம்புளும் ஒன்று. அகராதி தரும் பொருள் சம்பங்கோழி என்பது. ஆயின் சம்பும் கோரையும் அடர்ந்த நீர்நிலைகளில் வாழும் கோழியினம் ஒன்றன்று. ஆதலின் இப்பொருள் ஐயத்தை முற்றும் நீக்கவில்லை.

ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று மருதப் பகுதியின் 85ஆம் பாட்டு, கம்புளின் நெற்றி வெண்மையையும், பேடையின் குரலையும், அது பழனத்தே தன் கிளையொடு கூடியிருத்தலையும் சுட்டுகின்றது. நெற்றி வெளுத்த நீர்ப்புட்களாக நாமக்கோழி, வெண்மார்புக் கானாங்கோழி என்னும் இரண்டைத் தமிழகத்திற் காண்கின்றோம். இரண்டும் ரல்லிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்னதை 1758இல் லின்னேயசும், பின்னதை 1769இல் பென்னன்ட்டும் விலங்கியல் முறையிற் பெயரிட்டு விளக்கினர்.

நாமக்கோழி உடல் முழுதும் கரியது. அலகும் அதன்மேல் நெற்றியிற் படர்ந்த தகடும் மட்டுமே வெண்மையானவை. விரல்களின் இருமருங்கும் மடல்கள் உண்மையின், நீந்துதலும் மூழ்குதலும் அதற்கு எளிய. எனவே திறந்த நீர்ப்பரப்பிற் கூட்டமாக வாழ்கின்றது.

கானாங்கோழிக்கு முதுகு கருஞ்சாம்பல் நிறம், நெற்றி முதல் வயிறு வரை வெண்மை, வாலடி செம்பழுப்பு. அதன் நீண்ட விரல்களுக்கு மடல் இல்லை. அவை சேற்றில் நடத்தற்கு ஏற்றவை. நெல்வயலும் வரப்புப் புதரும் அது திரியும் இடங்கள். மழைக்காலத்தில் இணைகூடும் பருவத்தே, பகலேயன்றி இரவிலும் நெடுநேரம் உரக்கக் கத்தும்.

பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டைக்கு அணித்தேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரிப்பகுதி இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தும். ஏரியின் அகன்ற நீர்ப்பரப்பு நாமக்கோழிக்கு உரியது. கரையோரப் புதரும் அருகிலுள்ள வயலும் கானாங்கோழிக்கு உரியன.

நெற்றி ஒன்றையே சான்றாகக் கொள்வார்க்கு நாமக்கோழியே கம்புளாகத் தோன்றும். கிளையொடு கூடுதலும் அதற்குப் பொருந்தும். பழனம் என்னும் சொல் பொய்கையையும் குறிக்கும் என்பார் கூற்றும் புறக்கணித்தற்குரியதன்று. எனினும், கானாங்கோழியும் குஞ்சுகளொடு குடும்பமாகத் திரிவதே. மருதத்திணையில் பழனத்திற்கு வயல் என்னும் பொருளே இயல்பாக அமையும். குரலாற் பெரிதும் அறியப்படுவதும் அப்புள்ளே. இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், கம்புள் கானாங்கோழியே எனக் கொள்ளுதல் தகும் என்பது எம் கருத்து.

புட்பெயர் ஆராய்வார் நிறம் ஒன்றோடு அமையாது, நிலத்தையும் குரலையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அதற்கு அகராதியோடு ஏரிக்கரையும் துணையாகும்.