காற்றிலும் கலக்கும் பூச்சிமருந்து



அடித்த மருந்து பயிரோடும் மண்ணோடும் நின்றுவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. ஒரு பங்கு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. எந்த மாதத்தில் அதிகம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் 1987 டிசம்பர் முதல் 1989 ஜனவரி வரை காற்றைச் சேகரித்துச் சோதித்தார்கள். பி.எச்.சி., டி.டி.டி. இரண்டும் ஆகஸ்டு முதல் ஜனவரி வரை கூடுதலாக இருந்தன. நெல் பூக்கும் பருவத்தில் மருந்தடித்ததே காரணம். வெள்ளாற்றுப் படுகையில் நடந்த ஆய்வில், வயலில் போட்ட பி.எச்.சி.யில் பெரும்பகுதி காற்றுக்கே போனது தெரிந்தது. நம் ஊர் வெயில் அப்படி! இப்படிக் கிளம்பும் ஆவி குளிர்ந்த வடதுருவம் வரை சென்று படிகிறது.

வேளாண்மையில் டி.டி.டி. 1989-லும், பி.எச்.சி. 1997-லும், எண்டோசல்பான் 2011-லும் தடையாயின. "தடைதான் வந்தாச்சே, இனி என்ன?" என்பீர்கள். இன்றைய மருந்துகளில் பல சீக்கிரம் சிதைபவைதான். ஆனாலும் அடிக்கும் நேரத்தில் காற்றில் மிதக்கும் துளி மூச்சுக்குள் போனால் விஷமே.

நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறோம். பருத்தி, மிளகாய், கண்மாய்ப் பாசன நெல் எல்லாவற்றுக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் மருந்தடிப்பு. மார்கழி விடியலில் காற்று அசையாது. தரையோரக் குளிர்காற்று மேலே எழும்பாது. நுண்துளிகள் ஆள் உயரத்திலேயே தங்கி, மெல்ல நகர்ந்து, பக்கத்து வீட்டுக்கும் ஊருணிக்கும் போகும். உச்சி வெயிலில் அடித்தாலோ மருந்து ஆவியாகிக் காசும் வீண்.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. பனி விலகியபின், வெயில் ஏறுமுன் அடியுங்கள். பலத்த காற்றிலோ, மழை வரும்போலிருந்தாலோ அடிக்க வேண்டாம்.

2. காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். வீடு, பள்ளிக்கூடம், ஊருணிப் பக்கம் காற்று வீசினால் அன்று நிறுத்திவிடுங்கள்.

3. தெளிப்பான் மூக்கைப் பயிருக்கு நெருக்கிப் பிடியுங்கள். துளி மிக நுண்ணியதானால் தூரம் போகும்.

4. மூக்கு, வாய், கை, கால் மூடியிருக்கட்டும். பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

5. காலி டப்பாவை எரிக்காதீர்கள். அந்தப் புகையும் நஞ்சு. தண்ணீர் மொள்ளவும் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சியை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடியுங்கள். பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதற்காக நாமும் அடிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். காற்றுக்கு வரப்பு கிடையாது. உங்கள் வயலில் அடித்தது ஊர் முழுக்கப் போகும்.